நூற்று எண்பத்திரண்டு நாள் டைரக்டர்

வாட்ச்மேன் வேலைக்கு ஒரே தகுதிதான்: ஆள் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கம்பெனி டைரக்டர் வேலைக்கும் அதேதான் என்பது எனக்கு அறுபது வயது தாண்டித்தான் தெரிந்தது. காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எதில் போட்டோம் என்று பிறகு விசாரித்துத் திரிகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நீங்களும் அப்படி என்றால் உட்கார்ந்து படியுங்கள்.

ஆள் எடுத்த விதம்

நெய்க்காரப்பட்டிக்கு வெளியே, தேங்காய் நார்த்தூளைக் கட்டியாக அழுத்திக் கப்பலில் அனுப்புகிற மில்லில் நான் வாட்ச்மேன். முதலாளிகள் யோஹானும் அவர் சம்சாரமும் ஹாலந்துக்காரர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பத்து நாள் இருப்பார்கள். ஆனால் பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், டைரக்டர்களில் ஒருவராவது வருஷத்தில் நூற்று எண்பத்திரண்டு நாள் இந்தியாவில் இருக்கிறவராக இருக்க வேண்டுமாம். அப்படி இருந்த கோயமுத்தூர்க்காரர் மகனோடு கனடா போய்விட்டார்.

திண்டுக்கல்லில் இருந்து ஆடிட்டர் வந்தார். முதலில் மேனேஜர் சின்னராசுவைத்தான் கேட்டார். அவர் பி.காம். படித்தவர். "எனக்கு வேலை ஜாஸ்திங்க. நம்ம பெரியவரைப் போடுங்க, அவர் எங்கயும் போக மாட்டாருங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினார். படித்தவர் ஏன் நழுவுகிறார் என்று நாலாவது வரை படித்த எனக்கு அன்று தோன்றவில்லை. பிறகு தோன்றியது. இன்னும் மறக்கவில்லை.

போன வருஷம் வெளியே எங்கெங்கே போனீர்கள் என்று ஆடிட்டர் என்னைக் கேட்டார். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இரண்டு தடவை, கீரனூரில் ஒரு கல்யாணம், அவ்வளவுதான் என்றேன்.

"போதும் அப்பு. இம்புட்டுத் தகுதி போதும்."

டைரக்டருக்கு நாற்காலி இல்லை

ஆடிட்டர் ஆபீஸ் மூன்றாவது மாடியில். போகும்போதெல்லாம் நின்றுகொண்டுதான் இருப்பேன். அங்கே இருக்கிற இரண்டு நாற்காலியிலும் ஃபைல்கள் உட்கார்ந்திருக்கும். கம்பெனியின் வருமான வரிக் கணக்கு, வெளிநாட்டுப் பணம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று ரிசர்வ் பேங்குக்கு வருஷா வருஷம் சொல்ல வேண்டிய கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறி வர வேண்டும்.

ஒரு நாள் பேனாவை எடுத்தேன். ஆடிட்டர் சிரித்துவிட்டு மேசை இழுப்பறையைத் திறந்து பென்டிரைவ் மாதிரி ஒரு குச்சியைக் காட்டினார். அதுதான் என் கையெழுத்தாம். கம்ப்யூட்டரில் செருகினால் நானே போட்ட மாதிரி. அப்படியானால் வெயிலில் என்னை எதற்கு வரச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஓடிபி உங்க போனுக்குத்தானய்யா வருது. அடுத்த தடவை போனை மட்டும் குடுத்துவிட்டாலும் சரிதான்."

ரெண்டு அறை ஓட்டு வீடு

அந்த ஆபீசில் ஃபைலை நகர்த்தி என்னை உட்காரச் சொன்ன ஒரே ஆள் சபீனா. கணக்கு பார்க்கிற பிள்ளை. அன்றைக்கு வருமான வரி ஆபீசில் இருந்து கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. அது என்னவென்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதும் அவள்தான்.

வெளிநாட்டு முதலாளிக்கு லாபப் பங்கு அனுப்பும்போது, வரியை இங்கேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்ப வேண்டும். அவர் தன் நாட்டில் வரி கட்டுகிறவர்தான் என்று அந்த நாட்டு அரசாங்கம் சர்டிபிகேட் கொடுத்தால் குறைவாகப் பிடித்தால் போதும். வந்துவிடும் என்று நம்பிக் குறைவாகப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். சர்டிபிகேட்டைக் காணோம். இப்போது மிச்ச வரியைக் கம்பெனி கட்ட வேண்டும். மில்லிலோ ஆர்டர் பாதியாகக் குறைந்திருந்தது. கம்பெனியிடம் வசூலாகாவிட்டால் டைரக்டர்களிடம் வரலாம் என்றாள் சபீனா. டைரக்டர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஹாலந்தில். மூன்றாவது ஆள் பேரில் நெய்க்காரப்பட்டியில் ரெண்டு அறை ஓட்டு வீடு இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஊரெல்லாம் டைரக்டருன்னு சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே. இனி வீட்டுக்காரருன்னு சொல்லிக்க முடியுங்களா?"

கேட் திறக்கவில்லை

அடுத்த மாதம் யோஹான் காரில் வந்து இறங்கினார். பக்கத்தில் சின்னராசு. நான் கேட்டைத் திறக்கவில்லை. வெளியாட்கள் வந்தால் ரெஜிஸ்டரில் பேரும் வந்த காரணமும் எழுத வேண்டும் என்பது சின்னராசு போட்ட விதி. கம்பி வழியாக ரெஜிஸ்டரை நீட்டி, காரணம் என்ற இடத்தில் சர்டிபிகேட் என்று எழுதச் சொன்னேன்.

சின்னராசுவுக்கு முகம் கறுத்துவிட்டது. "முதலாளியவே நிறுத்துறீங்களா பெரியவரே?" என்றார். "நானும் டைரக்டர், அவரும் டைரக்டர். உள்ள இருக்குறது நான்" என்றேன். யோஹானுக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னதைச் சின்னராசு தமிழில் சொன்னார்: சர்டிபிகேட்டை ஏழு மாதத்துக்கு முன்பே மில் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டாராம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளிநாட்டு விளம்பரக் கவர் ஒன்றை மேசையில் வைத்ததற்காக, ஒரு தடவை சின்னராசு நாலு பேர் முன்னால், "இந்தக் குப்பையெல்லாம் எங்கிட்டக் கொண்டாராதீங்க" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து புரியாத எழுத்தில் வந்த ஒரு கவரையும் அவரிடம் கொண்டுபோகவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எல்லாம் என் அறை ஸ்டூலின் ஆடுகிற காலுக்குக் கீழே இருந்தன. மேலிருந்து மூன்றாவது கவரை யோஹான் உருவினார். போட்டோ எடுத்து, ஸ்டூலுக்கு அடியில் கிடைத்தது என்று சபீனாவுக்கு அனுப்பினோம். உடனே போன் வந்தது.

"இதேதான் அப்பு. ஏழு மாசமாத் தேடுன காகிதத்து மேலயா உக்காந்திருந்தீங்க?"

விலகல்

சர்டிபிகேட்டைக் காட்டிப் பதில் போட்டதும் நோட்டீஸ் முடிந்தது. வீடு தப்பியது. அந்த வாரமே விலகுகிறேன் என்றேன். உள்ளூரில் இருக்கிற வேறு ஆள் வேண்டுமே என்றார் ஆடிட்டர். யோஹான் என்னைப் பார்த்தார். நான் சின்னராசுவைப் பார்த்தேன். "மேனேஜருக்கு வேலை ஜாஸ்திதான். ஆனா அவரும் எங்கயும் போக மாட்டாருங்க" என்றேன். யோஹான் தலையாட்டிவிட்டார். முதலாளி முன்னால் சின்னராசுவால் மறுக்க முடியவில்லை. எல்லாரும் போன பிறகு கேட் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க, எத்தனை நாளா இதை மனசுல வெச்சிருந்தீங்க?"

இப்போது டைரக்டர் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறக் கிளம்பும்போதெல்லாம் எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட்டு, போன நேரமும் வந்த நேரமும் ரெஜிஸ்டரில் குறித்துக்கொள்கிறேன். நூற்று எண்பத்திரண்டு நாள் அவர் ஊரில் இருக்கிறாரா என்று நாளைக்கு யாராவது கேட்டால் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது பாருங்கள்.