மலைச்சரிவில் ஒரு வாடகை வீடு

ஒன்லைனில் வாடிக்கையாளர்களோடு பேசுவதுதான் என் வேலை. கண்டி நகரத்து இரைச்சலில் அது முடியவில்லை. அதனால் நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தேன். சற்றுக் கீழே இருந்தது ஒரே ஒரு வீடு. அதில் சரசக்கா என்ற கணவனை இழந்த பெண் தனியாக வாழ்ந்தார். அந்த அமைதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு விடாமல் மழை பெய்தது. ஒரு பகல், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தபோது யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். தொப்பலாக நனைந்தபடி சரசக்கா நின்றார்.

"மண்ணு எறங்குது தங்கச்சி! கீழ இருந்து எவ்வளவோ கத்துனேன், ஒங்களுக்குக் கேக்கல. எந்திரிங்க!"

கையைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். தன் வீட்டு வாசலில் அவர் ஒரு கணம் தயங்கினார். உள்ளே போகவில்லை. நாங்கள் பாதைக்கு வந்து சேர்ந்ததும் பின்னால் மலையே இடிந்ததுபோல் சத்தம். திரும்பிப் பார்த்தேன். இரண்டு வீடுகளும் இல்லை.

அன்று மாலை, எங்களைத் தங்கவைத்த பாடசாலை மண்டபத்தில் கேட்டேன்: "எதையாவது எடுத்திருக்கலாமே அக்கா?"

"எங்க வீட்டுக்காரரு படம் ஒண்ணு இருந்துச்சு. வேற படம் கெடையாது," என்றார். "ஒங்ககிட்ட ஓடி வர்ற அவசரத்துல எடுக்கல."

நான் வேறு வீடு பார்த்துக்கொண்டேன். அவர் இன்னும் கம்பளையில் தங்கை வீட்டில் ஒண்டியிருக்கிறார். நான் எப்போது அழைத்தாலும், "அங்க மழையா தங்கச்சி?" என்றுதான் முதலில் கேட்பார். ஹெட்போனைக் கழற்றி, ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.