வெறுமையாகத் திரும்பாத கான்

என் மேசைக்குக் கீழே ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று நிறைந்தபடி இருக்கிறது. அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் அண்ணை என்று கூப்பிட்டவரை நெடுந்தீவில் சந்தித்தேன். ஐதரசன் வாயுவில் ஓடும் முச்சக்கரவண்டி ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்க எங்கள் நிறுவனம் என்னை அங்கே அனுப்பியிருந்தது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக அவரைச் சாரதியாக எடுத்தோம். அதுவரை பிறருடைய படகில் கூலிக்குப் போனவர். "இப்பதான் தங்கச்சி, பிள்ளையள் என்னை டிறைவர் எண்டு சொல்லுதுகள்" என்று கூச்சத்தோடு சிரிப்பார். வெய்யில் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கும் இயந்திரம் இறங்குதுறையருகே நின்றது. வண்டியின் எரிபொருட்கலம் அந்த ஐதரசனை மின்சாரமாக்கும். புகைக்குப் பதில் சுத்தமான தண்ணீர் சொட்டும். அதைக் கானில் பிடித்து வந்து மறுபடி இயந்திரத்துக்கு ஊற்றவேண்டும். "அண்ணை, இது நிறையத்தான் திரும்பி வரவேணும்" என்று சொல்லிக் கானைக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. படித்த திமிர் எனக்கு.

மூன்றாம் மாதம் இயந்திரம் பழுதாகி நின்றது. திறந்தால் உள்ளே உப்பு. அண்ணை ஒளிக்கவில்லை. பக்கத்து வீட்டில் பிறந்து இருபது நாளான குழந்தை. தாய்க்குப் பால் இல்லை, கிணறோ உவர். பால்மா கரைக்க நாலைந்து நாளாக வண்டித் தண்ணீரைக் கொடுத்திருக்கிறார்.

"வெறுங்கானைத் திருப்பிக் குடுக்கிறது சரியில்லைத்தானே தங்கச்சி. எங்கடை கிணத்துத் தண்ணியைத் துணியாலை வடிச்சு நிரப்பினனான்."

என் ஊரான காரைநகரிலும் இரவல் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. அது தெரிந்தும் அறிக்கையில் 'சாரதியின் கவனயீனம்' என்று எழுதினேன். உப்புத் தண்ணீர் ஆகாதென்று நான் சொல்லிவைக்கவில்லை என்பதை எழுதவில்லை. என் வேலை தப்பியது. நிறுவனம் வண்டியைத் திருப்பியெடுத்துப் படகில் ஏற்றிய அன்று, அண்ணை இருக்கையைத் துடைத்துவிட்டு வண்டித் திறப்பைக் கழற்றித் தந்தார். பிறகு பழையபடி கூலிப் படகுக்குப் போனாராம். அவர் வீட்டில் தங்கிவிட்ட கானை நானும் கேட்கவில்லை.

போன மாதம் அவர் செத்துப்போனார் என்று கேள்விப்பட்டு நெடுந்தீவுக்குப் போனேன். புறப்படும்போது அவருடைய மனைவி அந்தக் கானைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தார்.

"இதை உம்மட்டைக் குடுக்கச் சொன்னவர். கிணத்துத் தண்ணி இல்லை, கடையிலை வாங்கின போத்தல் தண்ணி எண்டும் சொல்லச் சொன்னவர்."

படகில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நான் சொன்னபடியே கான் நிறையத் திரும்பி வந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கத்தான் ஆள் இல்லை.