ஐஸ் போடாத மீன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், வைகாசி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். பரமக்குடியில் கட்டிக்கொடுத்த என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். "உம்மா, நம்மூரு சூரை மீனு திங்கணும் போல இருக்கு" என்று போனில் சொன்னாள். அவள் அத்தா, என் வீட்டுக்காரர், சவூதியில் இருக்கிறார். வேறு யார் கொண்டுபோவது? நானே கிளம்பிவிட்டேன்.

புதுமடம் கரையில் விடிந்ததும் மீன் வாங்கினேன். மீன்காரர் ஐஸ் அள்ளிப் போட வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஐஸ் மீன் என்றாலே பழைய மீன்தான், வெளியூர்க்காரர்கள் தின்பது. அதைக் கொண்டுபோய் இறக்கினால் சம்பந்தியம்மா என்ன நினைப்பார்? வேண்டவே வேண்டாம் என்று கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ராமநாதபுரத்தில் இறங்கி மகளுக்கு நைட்டி, வளையல் என்று கடைகடையாக அலைந்ததில், பரமக்குடி போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது.

சம்பந்தியம்மா பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐஸு போடலையா?" என்று கேட்டார்.

"எங்கூரு மீனுக்கு எதுக்கு சம்பந்தி ஐஸு? கொதிக்கிற கொழம்புல எந்தக் கிருமி நிக்கும்?" என்றேன், எல்லாம் தெரிந்தவளாட்டம். சத்தியமாகச் சொல்கிறேன், மீனில் துளி நாற்றமில்லை.

குழம்பு கொதித்து இறங்கியதும், பிள்ளைத்தாய்ச்சி பசி தாங்க மாட்டாள் என்று மகளை முதலில் உட்கார வைத்தோம். ஆசை ஆசையாக நாலு துண்டு தின்றாள். "நாக்கு சுள்ளுங்குதும்மா, மொளகு தூக்கலோ?" என்றாள். நான் மிளகே போடவில்லை. அரைமணி நேரம் ஆகியிருக்காது, அவள் முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று சிவந்துவிட்டன. நெஞ்சு படபடக்குதென்று என் கையை எடுத்து மேலே வைத்துக்கொண்டாள். அது துடித்த துடிப்பில், ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினேன்.

ஆட்டோவில் சம்பந்தியம்மா மகளை மடியில் சாய்த்து முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். அவர் என்னை ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாலும் ஆறுதலாக இருந்திருக்கும். ரெண்டு உயிரையும் விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொள் என்று வழியெல்லாம் அல்லாவிடம் அழுதேன்.

"நல்லா கொதிச்சதே டாக்டர்" என்றேன் ஆஸ்பத்திரியில். அந்த டாக்டரம்மா ஊசி போட்டுக்கொண்டே, "கிருமி செத்திருக்கும்மா. வெயில்ல கெடந்த நேரத்துல அது மீனுக்குள்ள உண்டாக்கி வச்ச நஞ்சு கொதிச்சாலும் போகாது. வாடையும் தெரியாது" என்றார்.

பிறகு மகள் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார். கரகரவென்று வெறும் இரைச்சல். இடம் மாற்றி வைத்தார், மறுபடி இரைச்சல். அப்புறம்தான் கேட்டது, டக்டக்கென்று குழந்தையின் துடிப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியம்மா என்னைத் தூக்கிவிட்டு, "புள்ள ஆசைக்குத்தானே கொண்டாந்தீக, அழுகாதீக" என்றார். சாயங்காலத்துக்குள் மகளின் சிவப்பு வடிந்துவிட்டது.

இப்போது பேரனுக்கும் மீன் என்றால் உயிர். ஐஸ் பெட்டியும் கையுமாக நான் கரைக்குப் போனால், "என்னம்மா, வெளியூர்க்காரவுக மாதிரி ஐஸு கேக்குறீக?" என்று மீன்காரர் கேலி செய்கிறார். செய்துவிட்டுப் போகட்டும், அந்த இரைச்சலுக்கு நடுவே என் பேரனின் துடிப்புக்காக நான் காத்துக் கிடந்த நேரம் அவருக்குத் தெரியாது.