பின்விளக்கு பார்த்தவள்

எங்கள் சித்தப்பாவின் காரில் இரண்டே இருக்கைகள்தான். வலது பக்கம் அவருடையது, இடது பக்கம் என்னுடையது. ஆயக்குடியிலிருந்து சித்தி வந்து அதில் உட்காரும்வரை அப்படித்தான் இருந்தது.

கொடைக்கானலில் ஏதோ ஒரு எஸ்டேட்டிலிருந்து அவர் அந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, உள்ளே கோழி அடைத்திருந்த வாடை போகவில்லை. நீளமான முன்பக்கமும் துணிக்கூரையுமாகத் தரையோடு தரையாக இருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். திண்டுக்கல்லில் சின்ன வெங்காயம் கமிஷனுக்கு விற்கிற குடும்பத்துக்கு இது எதற்கு என்று அத்தை கேட்டாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. வீட்டில் யார் எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்பதெல்லாம் அவள் சொல்கிறபடிதான். சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த வெங்காயக் குடோனில் காரை நிறுத்தினார். இடது பக்கம் இருக்கை என்று ஒன்று இல்லாத காலத்திலேயே நான் அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறேன். என்ஜின் இல்லாமலே நாங்கள் இருவரும் பழனி வரை போய்வந்திருக்கிறோம்.

கார் ஓடத் தொடங்கிய வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணமும் ஆயிற்று. புது ஜோடிக்கு ஒதுக்கிய அறையில்தான் வீட்டின் ஒரே ஏர்கூலர் இருந்தது. அது சித்திரை மாதம் என்பதால் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் வழக்கம்போல அங்கேயே பாய் விரித்துப் படுத்தோம். குளியலறைக்கும் அந்த அறை வழியாகத்தான் போகவேண்டும். இதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என் குறையெல்லாம் அந்த இடது பக்கத்து இருக்கை ஒன்றுதான்.

மதுரையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அவர்கள் வைக்கிற சோதனையில் பளபளப்புக்கு மதிப்பெண் கிடையாது. காரில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் அதனதன் வேலையைச் செய்யவேண்டும். ஹாரன் அடிக்கவேண்டும், வைப்பர் ஓடவேண்டும், சிகரெட் பற்றவைக்கிற குமிழ் சிவக்கவேண்டும். குளிர்நாட்டுக்காரன் செய்த கார் என்பதால் ஹீட்டர் ஒன்றும் இருந்தது. அதுவும் சூடாக ஊதவேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் திண்டுக்கல்லில் ஒரு மனிதன் ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிறான் என்று தெருவே சிரித்தது.

சோதனைக்கு ஒரு மாதம் முன்பிருந்து தினமும் சாயங்காலம் ஒத்திகை நடந்தது. சித்தப்பா ஸ்டியரிங் பிடிக்க, சித்தி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போடுவாள். என்னைப் பின்னால் நிறுத்தினார்கள். சுவிட்சைப் போட்டாலும் பிரேக்கை மிதித்தாலும் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

"எரியுதா பாப்பா?"

"எரியுது சித்தப்பா."

அவ்வளவுதான் என் பங்கு. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் புகையைக் குடித்துக்கொண்டு நான் நிற்க, என் இடத்தில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் "ஏனுங்க" என்று கூப்பிடுவதை நான் தெருப் பிள்ளைகளிடம் பேசிக்காட்டிப் பெயர் வாங்கினேன். ஊரிலிருந்து வந்த கொய்யாப்பழத்தில் பெரியதாகப் பார்த்து அவள் எனக்கென்று எடுத்துவைப்பாள். அதை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் அவளை வெறுத்தேன்.

ஹீட்டரைப் பார்க்கும்போது துணிக்கூரையைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிடுவார்கள். அப்போதுதான் சூடு சரியாகத் தெரியுமாம். அந்த வெக்கையில் நான் அரை நிமிஷம் இருந்திருக்கமாட்டேன். அவர்கள் செத்த நேரம் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் உள்ளே இருப்பார்கள். பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். நானும் "எரியுது, எரியுது" என்று கத்திக்கொண்டே இருப்பேன். உள்ளேயிருந்து சித்தியின் சிரிப்புச் சத்தம்தான் வரும். வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"நேத்தே நல்லா ஊதுச்சுல்ல, இன்னைக்கும் எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழைய வண்டி பாப்பா. தெனமும் பாக்கணும்" என்றார் சித்தப்பா. வேர்வையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம்.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் சோதனை நடந்தது. சித்தப்பாவும் சித்தியும் காரில் வர, நாங்கள் வெங்காய வேனில் பின்னால் போனோம். வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் நடுவராக வந்தார். அவர் சொல்லச் சொல்ல விளக்குகள் எரிந்தன, வைப்பர் ஓடியது. கடைசியில் ஹீட்டரின் முன்னால் கையை நீட்டியவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பரவால்லியே. இத சரிபண்ண ரொம்ப நாளாயிருக்குமே தம்பி?"

சித்தப்பா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல சார், ஆரம்பத்துலயே சரியாயிருச்சு. இவுக ரெண்டு பேரும் சும்மாவே தெனமும் உள்ள உக்காந்து பாக்குறாக. கண்ணாடிய ஏத்திக்கிட்டு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நெற்றியைத் துடைத்தார். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"அதான பாத்தேன், அம்புட்டுப் பெட்ரோலும் எங்க போகுதுன்னு" என்றாள்.

கோப்பை எங்களுக்குத்தான் கிடைத்தது. திரும்பும்போது அத்தை சித்தியை வேனில் ஏறச் சொன்னாள். நான் ஓடிப்போய் இடது பக்கத்தில் ஏறிக்கொண்டேன். இருக்கையில் உதிர்ந்துகிடந்த மல்லிகையைத் தட்டிவிட்டேன். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன், சித்தப்பா சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ராணி மாதிரி ஊருக்குள் வந்து இறங்கினேன்.

மறுநாளிலிருந்து கார் மேல் உறை ஏறிவிட்டது. சோதனைதான் முடிந்துவிட்டதே, இனி பார்க்க என்ன இருக்கிறது என்று அத்தை சொல்லிவிட்டாள். சாயங்காலமானால் சித்தி அடுப்படியில் இருந்தாள், சித்தப்பா மண்டியிலிருந்து தாமதமாக வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சில நாள் கழித்து, எல்லோரும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சித்தி என்னை அடுப்படிக்குள் கூப்பிட்டு ஒரு கொய்யாவைக் கையில் கொடுத்தாள்.

"கண்ணு, சித்தப்பாகிட்டப் போயி, காருல பின்னாடி லைட்டு எரியறதில்லைன்னு சொல்றயா?" என்றாள் மெதுவாக.

எனக்குச் சுருக்கென்றது. பின்விளக்கு என் பொறுப்பு. அதில் குறை சொல்ல இவள் யார்? நேராகக் குடோனுக்கு ஓடினேன். உறையைத் தூக்கி, உள்ளே ஏறி சுவிட்சைப் போட்டுவிட்டுப் பின்னால் வந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் நன்றாக எரிந்தது. அணைத்துவிட்டு, உறையை முன்பிருந்ததுபோலவே இழுத்துவிட்டுத் திரும்பி வந்து, கூடத்தின் நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சித்தி, நான் பாத்துட்டேன். லைட்டெல்லாம் நல்லாத்தேன் எரியுது. இனிமே யாரும் பாக்கவே வேணாம்."

சித்தப்பா காபி டம்ளரிலிருந்து தலையை நிமிர்த்தினார். அடுப்படி வாசலில் நின்ற சித்தியைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

"சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு சித்தி உள்ளே போனாள்.

நான் கொய்யாவைக் கடித்துக்கொண்டு, அவள் எதற்கு இப்படி இல்லாத குறையெல்லாம் சொல்கிறாள் என்று யோசித்தேன்.