எந்தப் பக்கம்?

"போதும், போதும்! பொறி கிளம்புது, நிறுத்துங்க!" அவள் போட்ட சத்தத்தில் கணவர் ஊதுவிசிறியின் கைப்பிடியை விட்டுவிட்டார். உலையில் இரும்பு வெளுத்துப் பொறி விட்டால் எரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அது எதற்கும் ஆகாது.

"வீட்லதான் நீங்க சொல்றதைக் கேக்குறேன். பட்டறையிலயாவது நான் சொல்றதைக் கேளுங்களேன்."

"வீட்ல எப்போ கேட்டே? நாளாவது சொல்லு, எழுதி வெச்சுக்கிறேன்."

தெருவில் அவளுக்குத் தாழ்ப்பாளக்கா என்று பெயர். கொடியோடிய தாழ்ப்பாள், இலை விரிந்த கைப்பிடி எல்லாம் அவள் சுத்தியலுக்கு அடங்கும். யார் வந்தாலும் முதல் கேள்வி, "உள்பக்கமா, வெளிப்பக்கமா?" உள்ளே போடுவது நேராக ஓடும், வெளியே போடுவதற்குக் கதவு நிலையைத் தாண்டக் கழுத்தில் ஒரு வளைவு வேண்டும். வழி கேட்டு வந்த ஒருவரிடமே இதைக் கேட்டிருக்கிறாள்.

ஒரே ஒருவரிடம்தான் கேட்கவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத அந்த மனிதர், "அம்மா ரூமுக்கு. பார்க்க அழகா இருக்கணும்" என்றார். அதற்குமேல் என்ன கேட்பது? வயதான விரல்களுக்கு வாகாகப் பிடியை மொட்டுப்போல் உருட்டினாள். ஓரங்களை அரத்தால் ராவி, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். "அந்தம்மா கை நோகக் கூடாது பாருங்க" என்று பக்கத்துக் கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்திருந்த என்னிடமும் நீட்டினாள்.

வாங்க வந்த அன்று அந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கழுத்துல வளைவு இல்லையே அக்கா. எங்களுக்கு வெளிப்பக்கம் போடறதுக்கு வேணும்."

"அம்மா ரூம்னு சொன்னீங்களே?"

"ஆமா. கதவு திறந்திருந்தா தெருவுக்குப் போயிடுறாங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க."

"பகல் பூராவுமா?"

"சாயங்காலம் வந்து திறந்துடுவோம்ல." கடை அடைப்பதைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னார்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் கணவர் தாழ்ப்பாளை அவர் கையிலிருந்து வாங்கிப் பட்டறைக் கல்மேல் வைத்தார்.

"உள்ள ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டாள் அவள்.

"என்ன ஆகப்போகுது? தண்ணி பாட்டில் வெச்சிட்டுத்தான் போவோம். ஒரு வளைவுதானே, இதையே வளைச்சுக் குடுத்துடுங்க. மொட்டு வேலை ரொம்ப நல்லா இருக்கு."

அவள் தாழ்ப்பாளைக் குறட்டால் கவ்வி உலைக்குள் செருகினாள். கணவர் விசிறியைச் சுற்றினார். இரும்பு சிவந்தது, மஞ்சளானது. வந்தவர் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அது வெளுத்தது. மொட்டிலிருந்து முதல் பொறி தெறித்ததும், கணவர் பழக்கத்தில் கையை எடுத்தார்.

"ஊதுங்க" என்றாள்.