முக்கியம், ஆனால் அவசரமில்லை

நேரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்கு ஒரு கம்பெனி சொல்லிக்கொடுத்தது. 2008 வாக்கில், விருதுநகரில் மின்வெட்டு ஆரம்பித்திருந்த சமயம். நான் பகலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். விடியற்காலையில் அந்தக் கம்பெனிக்காகக் கணினி வழியாக அமெரிக்கப் பிள்ளைகளுக்குக் கணக்கு டீச்சர். அவர்களுக்கு அது மாலைப்பொழுது. எனக்கு நாலரைக்கு முதல் வகுப்பு, ஏழரைக்குக் கடைசி வகுப்பு முடியும், எட்டே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும். நடுவில் கிடைக்கும் ஒன்றேகால் மணி நேரத்தில் சமைத்து, குளித்து, சேலை கட்டி, பஸ் பிடிக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என் வீட்டுக்காரரை நிறுத்தி, “வெள்ளன எந்திரிச்சு டீச்சரு யாரு கூட இங்கிலீசுல சண்ட போடுறாக?” என்று கவலையாகக் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

ஆன்லைனில் பாடம் நடத்துகிறவர்களுக்கென்றே அந்தப் பயிற்சியை வைத்தார்கள். மொத்தம் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒரு வாரப் பாடத்தை ஒரே நாளில் தயாரித்துவிடுங்கள். பெற்றோரின் மின்னஞ்சலுக்கு நாளில் ஒரு முறைதான் பதில் போட வேண்டும். அடிக்கடி சொல்கிற பாராட்டுகளை முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டினால் போதும். இதெல்லாம் உண்மையிலேயே உதவியது, மறுக்க மாட்டேன். பாராட்டைக்கூட ஒட்டலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

கடைசியாக ஒரு தாளில் நான்கு கட்டம் போடச் சொன்னார்கள். முக்கியமும் அவசரமும் ஒரு கட்டம். அவசரம், ஆனால் முக்கியமில்லை என்று ஒன்று. இரண்டும் இல்லாதது ஒன்று. முக்கியம், ஆனால் அவசரமில்லை என்று இன்னொன்று. செய்ய வேண்டிய வேலைகளையெல்லாம் இந்த நான்கில் பிரித்துப்போட வேண்டும். நான் ஒழுங்கான மாணவி. பிரித்துப் போட்டு, கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினேன். தண்ணீர் பிடிப்பதை எதில் போடுவதென்றுதான் தெரியவில்லை. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் பத்து நாளும் ஆகும். எந்த நாள், எத்தனை மணி என்பது குழாய் திறக்கிறவருக்கே தெரியுமோ என்னவோ. வந்த நேரத்தில் பிடிக்காவிட்டால் அடுத்த முறை வரும்வரை பக்கத்து வீடுகளில் குடத்தோடு நிற்க வேண்டியதுதான்.

‘முக்கியம், ஆனால் அவசரமில்லை’ கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: மதினி, கணக்கு.

மதினி என் அண்ணன் மனைவி. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. களையெடுப்பு, பருத்தியெடுப்பு என்று காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பரீட்சை நாட்களில் என்னை அடுப்படிப் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர். பத்தாம் வகுப்பில் அவருக்குக் கணக்கு மட்டும் போய்விட்டது, மற்றதெல்லாம் தேர்ச்சி. அங்கன்வாடியில் ஆள் எடுக்கப்போகிறார்கள், பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், வயது வரம்பும் உண்டு என்று கேள்விப்பட்டு, பொங்கல் முடிந்த கையோடு என்னைப் பார்க்க வந்தார். ஜூன் பிறந்தால் அவருக்கு வயது தாண்டிவிடும். அதனால் மார்ச் பரீட்சை ஒன்றுதான் வாய்ப்பு.

“மருந்து ரூமுக்குள்ள கால வைக்கைல எல்லாம் பிள்ளைக மொகந்தான் தாயி வருது. இதுலருந்து எப்படியாச்சும் வெளிய வந்திரணும். ஞாயித்துக்கெளம ஞாயித்துக்கெளம வாரேன். அர மணி நேரம் சொல்லிக்குடு, போதும்” என்றார்.

“அர மணி நேரம் என்ன மதினி, ஒரு மணி நேரம் சொல்லித் தாரேன், வாங்க” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. காலையில் கலந்த மருந்தை அன்றைக்கே அடைத்து முடிக்க வேண்டும், மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. அதனால் பாதி நாளில் கிளம்புகிற பேச்சே கிடையாது. எனக்கும் ஞாயிறுதான் அமெரிக்கா இல்லாத நாள். ஆனால் ஒரு வாரப் பாடத்தை ஒரே நாளில் தயாரிக்கச் சொல்லியிருந்தார்களே, அந்த ஒரே நாளும் ஞாயிறுதான். முதல் இரண்டு ஞாயிறும் மதினிக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம், “அடுத்த வாரம் சேத்துப் பாத்துக்கலாம் மதினி” என்று போனில் சொன்னேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன், அதற்கடுத்த வாரங்களிலும். “ஒனக்கு வேல கெடக்கும்லா தாயி, பரவால்ல” என்பார். பரவாயில்லை என்கிறவர்களைத்தான் நாம் தள்ளிப்போடுகிறோம். வேறு யாரைத் தள்ளிப்போட முடிகிறது?

மார்ச் மாதம் அமெரிக்காவில் எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். கம்பெனி ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. நாளில் ஒரு முறைதான் பார்ப்பேன், அன்றைக்கு அந்த ஒரு முறையும் மின்வெட்டில் போய்விட்டது. திங்கட்கிழமை வழக்கம்போல நாலரைக்கு உட்கார்ந்தால், என் முதல் வகுப்பு மூன்றரைக்கே தொடங்கி ஆள் இல்லாமல் முடிந்திருக்கிறது. அந்த மாணவியின் அம்மா புகார் எழுதிவிட்டார். கம்பெனியிலிருந்து எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை இல்லை. மாற்று வகுப்பாக ஒன்றரை மணி நேரம் எடுக்க வேண்டும், அதுவும் அந்த அம்மா சொல்கிற நேரத்தில். அவர் சொன்ன நேரம் எங்கள் ஊரில் ஞாயிறு காலை ஆறரை.

அதுதான் மதினியின் பரீட்சைக்கு முந்தைய கடைசி ஞாயிறு. வரைபடமும் வடிவியல் வரைவதும் மிச்சம் இருந்தன. இந்த இரண்டும் கைவந்தால் பாஸ் என்று நானே அடித்துச் சொல்லியிருந்தேன். வர வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த அமெரிக்க மாணவிக்கும் அன்றைய பாடம் வரைபடம்தான். மதினி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடியுமே! பயிற்சி கொடுத்தவர்கள் கேட்டிருந்தால் என்னை மெச்சியிருப்பார்கள்.

மதினி முதல் பஸ்ஸில் ஏறி ஆறு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். புது வரைபட நோட்டு, சீவிய பென்சில், ஸ்கேல் எல்லாம் பையில் இருந்தன. நகக்கண்ணில் மட்டும் பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியப் பொடி இன்னும் வெள்ளியாக மின்னியது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பார். எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். “அதே பாடந்தான் மதினி. நான் போடுறதப் பாத்துக்கிட்டே இருங்க. முடிஞ்சதும் கேளுங்க.”

வகுப்பு தொடங்கியது. நான் இங்கிலீஷில் பேசினேன், திரையில் கோடு போட்டேன், சிரித்தேன், ஒட்டவேண்டிய பாராட்டுகளை ஒட்டினேன். பின்னால் பென்சில் கொஞ்ச நேரம் உரசியது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்க முடியாது, மாணவியின் அம்மா கூடவே உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் “தண்ணி வந்துருச்சு” என்று குரல் கேட்டது. என் வீட்டுக்காரர் ஒரு விசேஷத்துக்காக மல்லாங்கிணறு போயிருந்தார். நான் எழுந்திருக்கவும் முடியாது. அடுத்த நிமிடம் நாற்காலி நகர்கிற சத்தம், அதைத் தொடர்ந்து அடுப்படியில் குடங்களை எடுக்கிற சத்தம். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

எட்டு மணிக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து போனேன். குடம், அண்டா, குளியலறைத் தொட்டி, கடைசியில் பால் சட்டி வரைக்கும் நிரம்பியிருந்தது. சேலை முழங்கால் வரை நனைந்து மதினி வாசலில் நின்றுகொண்டிருந்தார், தோளில் பையோடு.

“என்ன மதினி, உக்காருங்க, இப்பப் போடலாம்.”

“எட்டே காலு பஸ்ஸ விட்டா அங்கன போய்ச் சேரவே மதியம் ஆயிரும் தாயி. அண்ணன் வெறும் வயித்தோட கெடப்பாக. நீ ரெண்டு வாய் சாப்பிட்டுப் படு, மூஞ்சியே சரியில்ல.”

“பாத்தீகளா? புரிஞ்சுச்சா?”

“நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. எனக்குத்தான் அந்தப் பாஷ பிடிபடல.”

போய்விட்டார். வரைபட நோட்டை நாற்காலியிலேயே மறந்து வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு. நான் திரையில் போட்டதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறார். கோட்டின் மேல் எண்கள் நாலுவரை போய் நின்றிருந்தன.

மே மாதம் முடிவு வந்தது. அண்ணன்தான் போன் செய்தார். முப்பத்தொன்று. நாலு மதிப்பெண்ணில் போயிற்று. போனை மதினியிடம் கொடுக்கச் சொன்னேன்.

“ஜூன்ல மறுபடி எழுதலாம் மதினி. இந்தத் தடவ லீவு போட்டு நானே அங்கன வாரேன். பத்து நாளு ஒங்க கூடவே இருந்து சொல்லித் தாரேன்.”

“அதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிரும்லா” என்றார். வருத்தமே இல்லாதவர்போலத்தான் சொன்னார். “அத விடு. நல்ல சீசனு, ஆர்டரு நெறைய கெடக்கு. ஒன் வேல நிலச்சிருச்சுல்ல, அது போதும்.”

அந்த வாரமே கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எச்சரிக்கைக்குப் பிறகு நான் ஒரு வகுப்புக்கும் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லையாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்காக, நேரத்தை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று பத்து வரி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வாரப் பாடத்தை ஞாயிற்றுக்கிழமையே தயாரித்துவிடுவேன் என்றுதான் முதல் வரி.

மதினி இப்போதும் மருந்து அடைக்கத்தான் போகிறார்.