ஓர் ஊதலுக்கு மூச்சு

கௌரிவாக்கம் நிறுத்தம் கண்ணில் பட்டதும் முனிரத்தினத்தின் கால்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. காலை ஐந்தேகால் மணி. நிறுத்தத்தில் ஆளில்லை. பெயர்ப் பலகைக்குக் கீழே ஒரு நாய் மட்டும் சுருண்டு படுத்திருந்தது. அவர் நின்றார். பின்னால் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏற எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு மறுபடியும் ஓடத் தொடங்கினார். நாய்க்கு இது பழகிப்போன விஷயம். அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் டவுன் பஸ்ஸில் அவர் பதினெட்டு வருஷமாகக் கண்டக்டர். இந்தச் சாலையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாளுக்கு எட்டு முறை நின்று பழகிய உடம்பு, ஓடு என்றால் உடனே ஓடிவிடுமா? "இன்னா பண்றது சார், ஸ்டாப்பிங் வந்தா காலு பிரேக் போட்டுக்குது" என்பார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

வயது நாற்பத்திரண்டு. குள்ளம். முன்வழுக்கை. இடது தோள், வலது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். தோல் பை தொங்கித் தொங்கி இறங்கிய தோள் அது. ஓடும்போது வலது கை ஒழுங்காக முன்னும் பின்னும் வீசும். இடது முழங்கை மட்டும் விலாவை விட்டு அசையாது. பை வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, அவர் இங்கே கூட்டத்திலிருந்து அதைக் காப்பாற்றிக்கொண்டே ஓடுவார். ஏதாவது யோசனை வந்தால் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார், டிக்கெட் கிழிக்கப்போகிறவர் மாதிரி.

கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பித்தளை விசில். குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றுவார் என்று மனைவி அங்காளம்மாள் சொல்கிறார். ஓர் ஊதல் என்றால் நில். இரண்டு என்றால் போ. டிரைவர் ஐசக்கும் அவரும் பதினோரு வருஷமாக ஒரே வண்டியில் இருக்கிறார்கள். ஒருவர் வண்டியின் தலைமாட்டில், மற்றவர் கால்மாட்டில். நடுவில் எண்பது பேர் நிற்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தைத் தாண்டி இருவருக்கும் இருந்த ஒரே பேச்சு இந்த விசில்தான்.

அந்தப் பேச்சில்தான் போன வருஷம் ஒரு குளறுபடி நேர்ந்தது. 1986, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போக, கீரை விற்கும் தபீதாள் செம்பாக்கத்தில் இரண்டு கூடைகளோடு ஏறினார். ஒரு கூடை படியில் சரிந்தது. முனிரத்தினம் கீழே குதித்துக் கூடையைத் தூக்கி உள்ளே தள்ளினார். அந்த நேரம் பார்த்து, பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். சரியாக இரண்டு முறை. ஐசக் கியரைப் போட்டுவிட்டார்.

கூடை போயிற்று, தபீதாள் போனார், எண்பது பேரும் போனார்கள். கண்டக்டர் மட்டும் ரோட்டில் நின்றார். பிறகு ஓடினார். பை தொடையில் அடிக்க, சில்லறை குலுங்க, செருப்பு ஒன்று கழன்றுகொள்ள ஓடினார். ஒரே ஓர் ஊதல் போதும், வண்டி நின்றிருக்கும். விசிலை வாயில் வைத்தார். 'புஸ்' என்று காற்றும் எச்சிலும்தான் வந்தன. மறுபடி முயன்றார். அதுவும் இல்லை. பின் கண்ணாடியில் தபீதாளின் முகம் சிறுத்துக்கொண்டே போயிற்று. உள்ளே போட்ட கூச்சலெல்லாம் இன்ஜின் சத்தத்தில் ஐசக்கின் காதில் விழவில்லை.

அடுத்த நிறுத்தமான கௌரிவாக்கத்தில் வண்டி காத்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் கழித்து அவர் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது, ஜன்னலுக்கு இரண்டு தலையாக எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தபீதாள்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா கண்டக்டரே, ஒரு பீப்பி ஊத மூச்சில்ல. நீ எங்கள ஊரு கொண்டாந்து சேக்கப் போறியா?"

வண்டி முழுக்கச் சிரித்தது. ஐசக் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு தினமும் முதல் டிரிப் எடுக்கும்போது, "கண்டக்டர் ஏறிட்டாரா பாருங்கப்பா" என்று கேட்காமல் அவர் வண்டியை நகர்த்தியதில்லை.

கேலியை முனிரத்தினம் பொறுத்துக்கொண்டார். கூட்டத்தில் நின்று வேலை செய்கிறவனுக்குக் கேலி ஒரு பொருட்டா? அவரால் தாங்க முடியாதது வேறு. பதினெட்டு வருஷமாகத் தன் மூச்சில் நின்று, தன் மூச்சில் போன வண்டி அது. தேவைப்பட்ட அன்றைக்கு அந்த மூச்சு வரவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. "ஒரே பேஜாரா பூட்ச்சி சார். தூங்கிகினு கீறப்பகூட அந்த புஸ்ஸுதான் கேக்குது."

அடுத்த வாரமே ஓடத் தொடங்கினார். ரயில்வே கேட்டிலிருந்து சேலையூர் வரை, டிக்கெட் கணக்கில் ஒரு ஸ்டேஜ். போய்ச் சேர்ந்ததும் விசிலை எடுத்து ஊதிப் பார்த்தார். வழக்கம்போல எச்சில்தான். அதுவே அவருடைய பரீட்சை ஆகிவிட்டது. கடிகாரம் பார்ப்பதில்லை, நாடி பிடிப்பதில்லை. ஸ்டேஜ் முடிந்ததும் ஓர் ஊதல். மூன்றாவது வாரம் கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஏதோ வந்தது. தீபாவளி வாக்கில் மூன்று ஸ்டேஜ் ஓடி, தெரு திரும்பிப் பார்க்கும்படி ஊதினார். தினமும் விசில் ஊதிக்கொண்டு போகிற கூர்க்கா மாசக் கடைசியில் ஏன் பணம் கேட்டு வரவில்லை என்று கேம்ப் ரோட்டில் ஒரு வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டாராம்.

முதல் இரண்டு மாதம் காக்கிச் சட்டையோடுதான் ஓடினார். காரணம் கேட்டால் சொல்வார்: "இருட்டுல காக்கி போட்டுகினு ஓடுனா, திருடனத் தொரத்திகினு போறான்னு உட்டுருவான். பனியனோட ஓடுனா நான்தான் திருடன்." பிறகு வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் நீல அரை டிராயரும் வந்தன. டிராயரோடு வாசலைத் தாண்டிய முதல் நாள், எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்துவிட்டார்களா என்று கதவிடுக்கில் பார்த்துவிட்டே இறங்கினார்.

"நாப்பதுக்கு மேல நாய்க்குணம்னு சொல்லுவாங்க" என்கிறார் அங்காளம்மாள். "எங்க வூட்ல குணம் மட்டும் இல்ல, தெருத் தெருவா ஓட்டமும் வந்துட்ச்சி." இப்படிச் சொல்கிறவர்தான் ஞாயிறு தோறும் அந்த ஷூவைத் துவைத்துச் சுண்ணாம்புக்கட்டி தடவிக் காயவைக்கிறார். காலையில் கணவர் திரும்பி வரும்போது செம்பு நிறையக் கேழ்வரகுக் கூழும் இரண்டு வெங்காயமும் தயாராக இருக்கும்.

ஒரு நாள் தோத்தாத்ரி பின்னாலிருந்து ஓடிவந்து அவரோடு சேர்ந்துகொண்டார். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா, தாம்பரத்தில் ஓட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சங்கத்தின் செயலாளர். ஜனவரி இருபத்தாறாம் தேதி பந்தயம் இருக்கிறது என்றார். கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேங்கைவாசல் போய்த் திரும்ப வேண்டும், பதினாறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள். ஆறு மணிக்குத் தொடக்கம். எட்டு அடித்ததும் மேஜையை மடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவருக்குச் சான்றிதழும் இல்லை, வந்ததாகப் பதிவும் இல்லை.

முனிரத்தினம் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். ஸ்டேஜுக்கு இரண்டு கிலோமீட்டர், ஆக எட்டு ஸ்டேஜ். பேர் கொடுத்துவிட்டார்.

செம்பாக்கம் போய்த் திரும்பினால் எட்டு ஸ்டேஜ். பொங்கலுக்கு முன்பே அதைத் தொட்டுவிட்டார். நிறுத்தங்களில் நிற்பதை மட்டும் விட வேண்டும் என்று தோத்தாத்ரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதையும் தம் வழியிலேயே செய்தார். முதலில் ஒன்றுவிட்டு ஒன்றில் நின்றார். பிறகு இரண்டு விட்டு. பொங்கலன்று வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு எக்ஸ்பிரஸ்" என்றார். கௌரிவாக்கம் மட்டும் கணக்கில் சேராது. அங்கே மட்டும் கால் கேட்கவில்லை.

பந்தயத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தோத்தாத்ரி சைக்கிள் சக்கரத்தில் துணி கட்டி, சுற்றுகளை எண்ணிக்கொண்டே அந்தச் சாலையை அளந்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து விஷயத்தைச் சொன்னார்.

"முனிரத்தினம், உங்க எட்டு ஸ்டேஜ் மொத்தமே பதினோரு கிலோமீட்டர்தான்."

"ஸ்டேஜுக்கு ரெண்டு இல்லியா சார்?"

"யார் சொன்னா உங்களுக்கு?"

யாரும் சொல்லவில்லை. கோயில் வந்த இடத்தில் ஒன்று, மனுப் போட்ட இடத்தில் ஒன்று என்று எந்தக் காலத்திலோ வைத்த ஸ்டேஜ்கள் அவை. சாலை எப்படி இருந்தாலும் ஸ்டேஜ் பொய் சொல்லாது என்பது ஒரு கண்டக்டரின் நம்பிக்கை. அவர் விரலை மடக்கி ஸ்டேஜ்களை ஒரு முறை எண்ணினார். பிறகு, "அப்ப இத்தினி வருசமா ஜனங்களுக்கு தூரத்த தப்பா சொல்லிகினு கீறனா?" என்று கேட்டார். தோத்தாத்ரிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"மீதி அஞ்சுக்கு இன்னா பண்றது?"

"இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அன்னிக்கு ஓடித்தான் பாக்கணும்."

அறுபத்து மூன்று பேர் ஓடினார்கள். பெரும்பாலும் கல்லூரிப் பையன்கள், ஓடுகிற பாம்பை மிதிக்கிற வயசு. சேலையூர் தாண்டுவதற்குள் அவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். முனிரத்தினத்தின் முதுகில் நாற்பத்தேழு என்று எண் குத்தியிருந்தது. போகும்போது கௌரிவாக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமல் போனார். வேங்கைவாசலில் திரும்பினார். செம்பாக்கம் வந்தது. தினம் திரும்புகிற இடத்தை இன்று எதிர்த்திசையிலிருந்து பார்த்தபோது அது வேறு ஊர் மாதிரி இருந்தது.

மறுபடி கௌரிவாக்கம். அவர் பழகிய பதினோரு கிலோமீட்டரும் அங்கே சரியாகத் தீர்ந்துபோயின. கால் நின்றுவிட்டது. இந்த முறை பழக்கத்தில் நின்றதா, முடியாமல் நின்றதா என்று அவருக்கே தெரியவில்லை. பெயர்ப் பலகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. நாய் எழுந்து நகர்ந்து இடம் கொடுத்தது.

அப்போது வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் வண்டி வந்து நின்றது. அவருடைய வண்டி. ஐசக்தான் ஓட்டினார். முனிரத்தினம் லீவு போட்டிருந்ததால் பின் படியில் சிட்டிபாபு என்ற மாற்றுக் கண்டக்டர். லீவு நாள் என்பதால் கூட்டமில்லை. கடைசி சீட்டில் தபீதாள், பக்கத்தில் கீரைக்கூடை.

ஐசக் ஜன்னலில் தலையை நீட்டினார். குரலில் கேலி இல்லை. "மணி ஏழு இருவது ஆயிட்ச்சி. இன்னும் அஞ்சு கிலோமீட்டர் கீது. நீ போய்ச் சேர்றதுக்குள்ள மேசையத் தூக்கிகினு பூடுவானுங்க. ஏறுப்பா. யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க."

சிட்டிபாபு படியிலிருந்து விலகி வழிவிட்டார். தபீதாள் கூடையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டு சீட்டில் தட்டினார். "வா கண்டக்டரே. மூஞ்செல்லாம் வெளுத்துப் போய்க் கீது. வந்து குந்து."

கேலி செய்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் வலது காலைத் தூக்கிப் படியில் வைத்தார். கை தானாகக் கம்பியைப் பிடித்தது. அவருடைய உள்ளங்கை பட்டுப் பட்டுப் பெயின்ட் தேய்ந்திருந்த அதே இடம். சிட்டிபாபு தம் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

முனிரத்தினம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். காலைப் படியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். கம்பியை விட்டார். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பனியனுக்குள்ளிருந்து பித்தளை விசிலை இழுத்து, எச்சிலைத் துடைத்து, வாயில் வைத்து, சாலை முழுக்கக் கேட்கும்படி இரண்டு முறை ஊதினார். யார் ஊதியது என்று திரும்பிப் பார்க்காமலே ஐசக்கின் கை கியருக்குப் போயிற்று.